கட்டணத்துக்கு மட்டும் விலக்கு

13.2.1990, செவ்வாய்

முழங்கால் வலிக்காக நேற்று விடுப்பு எடுத்திருந்தேன். ஒரே நாளில் மேசையில் இவ்வளவு கடிதங்கள் எங்கிருந்துதான் வருகின்றனவோ.

மேலாக ஒரு சுற்றறிக்கை கிடந்தது. இனிமேல் எங்கள் சுற்றுச்சூழல் இலாகாவில் இராணுவத் திட்டங்களின் அறிக்கையைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாதாம். நல்லதுதான். அரசாங்கம் அரசாங்கத்துக்கே பணம் கட்டி, அதற்கு ரசீது வாங்கி, அந்த ரசீதை மூன்று நகல் எடுத்து மூன்று இடத்தில் பூட்டி வைக்கும் கூத்து இனி இல்லை. எனக்கும் ஒரு வேலை குறைந்தது.

எங்கள் அதிகாரி துவான் அகமது கதவருகே நின்றபடியே சொன்னார்: "மீனா, இத நீங்களே பாத்துக்கோங்க." இருபத்தொன்பது வருட அரசாங்க வேலையில் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். மலாயில், ஆங்கிலத்தில், தமிழில், மூன்றிலும் கேட்டாயிற்று.

கிள்ளான் அலுவலகத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வர இன்று ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் மழை. பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது.

20.2.1990, செவ்வாய்

இராணுவத்திலிருந்து முதல் அறிக்கை இன்று வந்தது. பச்சை ஜீப் வாசலில் நின்றதும் சந்தைக்குப் போகிறவர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். மேஜர் ஒருவர், மூன்று தடித்த கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தார். சட்டையில் முத்துக்குமாரு என்று பெயர். நான் தமிழில் பேசவும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"காசு கட்ட வேணாம்னு சொன்னாங்கக்கா. வேற ஏதாச்சும் செய்யணுமா?"

"ஒண்ணும் இல்ல சார். லெட்டர்ல சாப் அடிச்சு ஒரு நகல் கொடுத்துடுறேன், போதும்."

ஜெஞ்சாரோம் ஊரைத் தாண்டி எட்டாங்கட்டை என்ற இடத்தில் இராணுவ லோரிகள் நிறுத்த ஒரு இடம் கட்டப் போகிறார்கள். கூடவே மண்ணுக்குள் நான்கு பெரிய டீசல் தொட்டிகள், கால்வாய் ஓரமாக. உள்ளே படிப்பது பொறியாளர்கள் வேலை. தலைமைக் கிராணியான நான், வெறும் குமாஸ்தா, அட்டையைப் படிப்பதோடு சரி. அவருடைய கடிதத்தின் மேல் முத்திரைச் சாப் அடித்தேன். மலாயில் ஒரே சொல்: 'விலக்களிக்கப்பட்டது'. கீழே என் கையெழுத்து.

அவர் போனதும் கேஷியர் காதர் வந்து நின்றார். "அக்கா, ரசீது இல்லையே. அப்போ ஃபைல் நம்பர் எப்படிப் போடுறது?"

கேள்வி நியாயமானதுதான். எங்கள் அலுவலகத்தில் பணம் கட்டினால் ரசீது வரும், அந்த ரசீது எண்தான் கோப்பு எண். எண் விழுந்த பிறகுதான் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்குப் போகும், பொறியாளர்கள் கைக்குப் போகும், கடைசியில் அனுமதிக்குப் போகும். எல்லாம் காதரின் கௌண்டரில்தான் ஆரம்பிக்கிறது.

"துவான்கிட்ட கேட்டுச் சொல்றேன் லா" என்றேன். துவான் கோலாலம்பூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். கட்டுகளை என் பின்னால் உள்ள அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

2.3.1990, வெள்ளி

துவான் அறைக்குக் கூப்பிட்டார். ஏதோ தவறு என்று நினைத்துக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னார். விசேஷ கிரேடுக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறாராம். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். அதற்குள் கிடைத்தால் பென்ஷனும் கூடும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர், ஒரு நாள் கூட எனக்கு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று நான் குறை சொல்லும் மனிதர், எழுந்து போய் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தார். "இண்டைக்கு நீர் சமைக்க வேண்டாம்" என்றார். சமையல் ஏற்கெனவே முடிந்திருந்தது.

17.3.1990, சனி

ஸ்காட் ரோடு கோவிலுக்குப் போய்வந்தோம். முழங்கால் பரவாயில்லை. வேறொன்றும் இல்லை.

3.4.1990, செவ்வாய்

எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆகவேண்டும்.

பதினொரு மணிக்குக் கௌண்டரில் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துப்பட்டா, வெயிலில் வந்த களைப்பு. நோன்பு மாதம் என்பதால் தண்ணீர் வேண்டுமா என்று கூட நான் கேட்கவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து ஆரஞ்சு சர்பத் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே சர்பத் இல்லை. சேற்று நிறத்தில் தண்ணீர், மேலே வானவில் மாதிரி எண்ணெய்.

"இது எங்க கிணத்துத் தண்ணிக்கா. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். பஸ் நிலையத்து வாடை.

பெயர் மரியம். எட்டாங்கட்டைக் கம்பத்தில், அந்தக் குடியிருப்பில், சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாராம். "ஒரு மாசமா பெரிய பெரிய மெஷினு கொண்டாந்து தோண்டுறாங்க. டீசல் டிரம்மெல்லாம் கால்வாய் ஓரத்துலயே அடுக்கி வச்சிருக்காங்க. போய்க் கேட்டா, ஆர்மி வேலை, போங்கிறான் கான்ட்ராக்டர். இந்த ஆபீஸ்ல கேட்டா தெரியும்னு பள்ளிவாசல்ல சொன்னாங்க. நீங்கதானாக்கா அனுமதி கொடுத்தது?"

"இல்லையே" என்று சொன்னேன். உறுதியாகச் சொன்னேன். அப்படி ஏதாவது வந்திருந்தால் பதிவேட்டில் இருக்கும் என்று சொல்லி, பெரிய பதிவேட்டைத் திறந்து பிப்ரவரியிலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எட்டாங்கட்டை இல்லை. இராணுவமே இல்லை.

அப்போதுதான் — முதுகுக்குப் பின்னால் அலமாரி. மேல்தட்டு.

திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. மூன்று கட்டுகளும் நான் வைத்தபடியே இருந்தன. ஆறு வாரம். மேலே தூசு.

"பாத்துச் சொல்றேம்மா. ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றேன். மரியம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். போத்தலை எடுத்துக்கொள்ளவில்லை. "இது இங்கேயே இருக்கட்டும்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4.4.1990, புதன்

காதரிடம் கேட்டேன். அவருக்கும் முகம் செத்துப்போயிற்று. "நீங்க துவான்கிட்ட கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேங்கா." நான் கேட்கவில்லை. மறந்துபோனேன். இதில் பெரிய காரணம் எதுவும் இல்லை, மறந்துபோனேன், அவ்வளவுதான்.

இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கட்டணம் இல்லை, அதனால் ரசீது இல்லை. ரசீது இல்லை, அதனால் எண் இல்லை. எண் இல்லாததால் எங்கள் அலுவலகத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு திட்டமே கிடையாது. யாரும் பார்க்கவில்லை. அங்கே மேஜர் கையிலோ என் சாப் விழுந்த கடிதம். 'விலக்களிக்கப்பட்டது.' எதற்கு விலக்கு என்று நான் எழுதினேனா? இல்லை. படிக்கிறவன் என்ன நினைப்பான்? திட்டத்துக்கே விலக்கு என்றுதானே?

ஏன் எழுதவில்லை? இரண்டு சொல் கூட எழுதக் கை வலித்ததா எனக்கு?

5.4.1990, வியாழன்

இதை இங்கே எழுதுகிறேன், வேறு யாருக்கும் சொல்லப்போவதில்லை.

பதிவேட்டில் 20 பிப்ரவரிக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. பக்கம் முடிகிற இடம், அன்று யாரோ அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். அந்த வரியில் இன்று நான் எழுதியிருக்கலாம். தேதி, பெயர், எட்டாங்கட்டை. அதே பேனா, அதே மை. பிறகு கட்டுகளைப் பொறியாளர்கள் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டால், தாமதம் அவர்களுடையது. என்னுடையது அல்ல.

மதிய இடைவேளையில் எல்லோரும் போய்விட்டார்கள். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காதர் நோன்பு என்பதால் வெளியே போகவில்லை. என்னைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், பிறகு நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கலக்கா" என்றார், முதுகைக் காட்டியபடியே.

அந்த வார்த்தைதான் என்னைத் தடுத்தது. நல்ல மனிதர், எனக்காகச் சொன்னார். ஆனால் ஆறு வாரமாக இந்த அலுவலகத்தில் நடந்ததும் அதுதானே, யாரும் ஒன்றும் பார்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று இவர் இரண்டு முறை கேட்டார். "முழங்கால்" என்றேன்.

7.4.1990, சனி

அரை நாள் வேலை முடிந்ததும் இவர் கிள்ளானுக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முழங்காலுக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறாராம். காரில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சமிக்ஞை விளக்கில் நின்றபோது, "எட்டாங்கட்டைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

போனோம். செம்பனைத் தோட்டங்கள் முடிந்து கால்வாய் ஆரம்பிக்கும் இடத்தில் சிவப்பு மண் மேடு. கால்வாயை வெட்டித் திருப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து எழுபது எண்பது அடி தள்ளி முதல் வீடு. பிறகு வரிசையாக வீடுகள், மரத்தூண் வைத்த மலாய் வீடுகள், ஜாவாக்காரர்களின் வீடுகள், எஸ்டேட்டிலிருந்து வந்து குடியேறிய நம்மவர்கள் வீடுகள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்துநான்கு. வீட்டுக்கு ஒரு கிணறு.

பள்ளிவாசல் குழாயில் வாளிகள் வரிசையாக இருந்தன. நோன்பு வைத்த பெண்கள் நடு வெயிலில் தண்ணீர் சுமந்துகொண்டு போகிறார்கள். ஒரு சொட்டுக் குடிக்க முடியாது, ஆனால் சுமக்க வேண்டும். அதைப் பார்த்தபோது தலையைத் தூக்க முடியவில்லை என்னால்.

மரியம் கடைக்குள் உட்காரச் சொன்னார். பகலில் கடை மூடியிருந்தது. தான் நோன்பு என்றாலும் எங்கள் இருவருக்கும் காசு கொடுத்து வாங்கிய போத்தல் தண்ணீரில் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"மரியம், என்னாலதான்" என்றேன். "அந்தப் பேப்பர் என் அலமாரியில கெடந்துச்சு. நான் மறந்துட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. "மறந்துட்டீங்களா? எம் மக ரசியா ஏழு மாசம் அக்கா. அவ இந்தத் தண்ணியத்தான் ஒரு வாரம் குடிச்சா, எங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி." பிறகு குரல் தணிந்தது. "சரி. இப்ப என்ன செய்யப் போறீங்க? அதச் சொல்லுங்க."

திங்கட்கிழமை சொல்லிவிடுவேன் என்றேன்.

9.4.1990, திங்கள்

சொல்லிவிட்டேன்.

துவான் முதலில் நம்பவில்லை. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். "இது இராணுவ விஷயம், மீனா. விலக்குன்னா விலக்கு. இத்தோட விட்டுடுங்க."

சுற்றறிக்கையை அவர் முன்னால் வைத்தேன். கட்டணம் என்ற சொல் அதில் ஐந்து இடத்தில் இருக்கிறது. ஆய்வு என்ற சொல் ஓர் இடத்தில் கூட இல்லை. "துவான், காசு கட்ட வேணாம்னுதான் இதுல இருக்கு. யாரும் பாக்க வேணாம்னு இல்ல."

"அப்போ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"மறந்துட்டேன் துவான்."

அவர் சுற்றறிக்கையை இன்னொரு முறை படித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "இத எழுத்துல கொடுத்தீங்கன்னா உங்க ஃபைல்ல ஏறும். கிரேடு போயிடும். விசாரணை கூட வரலாம். தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன். தெரிந்துதான் வந்தேன்.

"சரி, எழுதுங்க. நானே மேல அனுப்புறேன்."

ஒன்றரைப் பக்கம். மூன்று முறை தட்டச்சு செய்தேன். முதல் இரண்டிலும் என்னையறியாமல் காதர் பெயர் வந்துவிட்டது. எடுத்துவிட்டேன்.

10.4.1990, செவ்வாய்

மேஜருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன்.

"அப்போ, ஒரு மாசமா நாங்க அனுமதி இல்லாம தோண்டிக்கிட்டு இருக்கோமா?"

"ஆமா சார். தப்பு என்னோடது."

"நாளைக்குக் காலைல வரேன்" என்று வைத்துவிட்டார். குரலில் இருந்தது கோபமா வேறா என்று தெரியவில்லை.

11.4.1990, புதன்

எட்டரைக்கே வந்துவிட்டார். கோபம்தான்.

"எங்க கமாண்டர் முன்னாடி நான் எப்படி நிக்கிறது சொல்லுங்க. உங்க சாப்பைக் காட்டித்தான் கான்ட்ராக்டர வரச் சொன்னேன். ஹெட்குவார்ட்டர்ஸ்ல அதப் பாத்துட்டு, ஆய்வே தேவையில்லைன்னு சொல்லிட்டாங்களான்னு கேட்டாங்க. நானும் ஆமான்னேன். அவ்ளோ சுலபமா கொடுப்பாங்களான்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணிச்சு. கேட்டிருக்கணும்."

நான் மரியத்தின் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை எனக்கு. மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார். மூடினார்.

"அங்க ஆளுங்க இருக்காங்களா?"

"முப்பத்துநாலு வீடு சார்."

"எங்க மேப்ல அங்க வீடே இல்லக்கா." கட்டைப் பிரித்து வரைபடத்தை விரித்தார். உண்மைதான். எட்டாங்கட்டை வெறும் சதுப்பு நிலம் என்று போட்டிருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய வரைபடம். அந்தக் குடும்பங்கள் வருவதற்கு முன்னால் வரைந்தது. அவர் விரல் அந்தப் பச்சை இடத்திலேயே நின்றது.

"காசு கேக்காதீங்கன்னுதான் நாங்க கேட்டோம்" என்றார் மெதுவாக. "பாக்காதீங்கன்னு கேக்கல."

என் தொலைபேசியிலேயே பேசினார். ஆங்கிலத்தில், மலாயில், சத்தமாக. பத்து மணிக்கு மெஷின்கள் நின்றுவிட்டன. டிரம்களை இன்றே அப்புறப்படுத்துவார்கள். மாலையிலிருந்து தினமும் இராணுவத் தண்ணீர் லோரி ஒன்று கம்பத்துக்குப் போகும், நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால்.

காதர் கையால் ஒரு எண் எழுதிக் கொடுத்தார், ரசீது இல்லாமலேயே. நாளை அறிக்கை பொதுமக்கள் பார்வைக்குப் போகிறது. அறுபது நாள்.

இன்றைக்குச் சாப்பிட்டேன். இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

16.4.1990, திங்கள்

காரணம் கேட்கும் கடிதம் வந்துவிட்டது. பதினான்கு நாளில் பதில். விசேஷ கிரேடுப் பட்டியலில் என் பெயரைக் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள் என்று துவான் தானே வந்து சொன்னார், வேறு யார் மூலமாவது எனக்குத் தெரியக்கூடாது என்று. அது பெரிய மரியாதை.

வலித்தது. இல்லை என்று இங்கே ஏன் பொய் எழுத வேண்டும்? ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்த முகத்தை நினைத்தபோது ரொம்ப வலித்தது. இவரிடம் சொன்னேன். "ஜிலேபி சாப்பிட்டாச்சுதானே. அத அவங்கள் திருப்பிக் கேக்க ஏலாது" என்றார். சிரித்துவிட்டேன்.

26.4.1990, வியாழன்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். காதர் வீட்டுக்குப் போனோம். நானும் அவரும் அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவி ரெண்டாங் இறைச்சிக் கறி கட்டிக் கொடுக்கப் பார்த்தார். ஸ்காட் ரோடு கோவிலுக்கு விரதம் என்று தப்பித்து வந்தேன். இவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

12.5.1990, சனி

கம்பத்தில் மலாய் எழுதத் தெரிந்தவர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பதினொரு தமிழ்க் குடும்பங்களுக்கு எழுத வராது. இவர் போய் மரியம் கடையில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன் என்று நேற்றே சொன்னார். என் கணவர் எழுதலாமா, அது சரியா? துவானிடம் கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"அவர் இந்த நாட்டுக் குடிமகன். உங்க வீட்டுக்காரர்ங்கிறதுக்காகக் கைய கட்டிப் போட முடியுமா?" என்றார்.

மூன்று மணி நேரம் எழுதிவிட்டு, மைக்கறை படிந்த விரலோடு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். ஓய்வு பெற்றபின் இவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

2.6.1990, சனி

மரியத்தின் மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. ஆண் குழந்தை. கடைக்காரர் ஒருவர் மூலம் தகவல் சொல்லி அனுப்பியிருந்தார். நல்லபடியாக இருக்கிறதாம். நல்லபடியாக, நல்லபடியாக. பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையையே சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன ஆன்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

22.6.1990, வெள்ளி

ஆய்வுக் கூட்டம். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். கம்பத்திலிருந்து ஆறு பேர், பொறியாளர்கள், துவான், மேஜர், அவருடைய கமாண்டர். நாற்பத்தொரு எதிர்ப்புக் கடிதங்கள்.

கமாண்டர் ஏதாவது கடுமையாகப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். மேஜர் எழுந்து, பழைய வரைபடத்தையும் புதிதாக அவர்களே போய் அளந்து வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். புதியதில் முப்பத்துநான்கு சின்னச் சதுரங்கள். மரியம் எழுந்து போய்த் தன் வீட்டைத் தேடினார். "இதான் என் கடை" என்று விரல் வைத்தார். "அடுப்படி இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்று திருத்தவும் செய்தார். கமாண்டர் சிரித்துவிட்டார். அதோடு அறையே இளகிவிட்டது.

முடிவு: லோரி நிறுத்துமிடம் வரலாம். டீசல் தொட்டிகள் அங்கே வேண்டாம், அரை மைல் தள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம், மண்ணுக்கு மேலே, சுற்றிலும் சுவர் எழுப்பி. கால்வாயைப் பழையபடி திருப்ப வேண்டும். கிணறுகளைச் சேறு வாரிச் சுத்தம் செய்து, தண்ணீரைச் சோதித்துக் காட்ட வேண்டும். அதுவரை தண்ணீர் லோரி வருவது நிற்காது.

"தொட்டிய மண்ணுக்குள்ள வச்சிருந்தா, ஒரு நாள் கசிஞ்சாலும் எங்களுக்கே தெரிஞ்சிருக்காது" என்று கமாண்டர் துவானிடம் சொன்னது எனக்குக் கேட்டது. குறிப்பில் எழுதவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

படியில் இறங்கும்போது மரியம் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முழங்கால் வலிக்கிறது என்று நினைத்துப் பிடித்தாரோ, வேறு எதற்கோ.

29.6.1990, வெள்ளி

என் விசாரணையும் முடிந்தது. மூன்று பேர், இருபது நிமிடம். தானாக முன்வந்து எழுத்தில் கொடுத்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களாம். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று மட்டும். பென்ஷனில் கை வைக்கவில்லை.

ஒருவர் கேட்டார்: "பதிவேட்டுல அந்தத் தேதிக்குக் கீழ ஒரு வரி காலியா இருக்கு. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை.

வெளியே வந்து கிள்ளான் பஸ் நிலையத்தில் ஒரு கிளாஸ் தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், குடித்தேன். இவ்வளவு இனிப்பாகப் போடாதே என்று எப்போதும் சண்டை போடுவேன். இன்று ஒன்றும் சொல்லவில்லை.

10.7.1990, செவ்வாய்

புதிய சுற்றறிக்கை வந்திருக்கிறது. கட்டண விலக்குப் பெறும் திட்டங்களுக்கும் வந்த அன்றே எண் கொடுக்கவேண்டும். ஆய்வுக்கு எந்த விலக்கும் இல்லை என்று தனியாக ஒரு பத்தி. மாநிலம் முழுவதற்கும். அதில் சில வாக்கியங்களை அடையாளம் கண்டுகொண்டேன். என் ஒன்றரைப் பக்கத்தில் இருந்தவை.

21.8.1990, செவ்வாய்

பத்து நாள் விடுப்புக்கு மனு கொடுத்தேன். கேமரன் மலையில் ரயில்வே நண்பர் ஒருவரின் வீடு சும்மாதான் கிடக்கிறது, வாருங்கள் என்று இவரை வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

துவான் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். நான் கதவு வரை போனபிறகு கூப்பிட்டார்.

"மூணாம் தேதி கட்டாயம் வந்துடுங்க, மீனா. இராணுவ ஆஸ்பத்திரி ஒண்ணு கட்டப் போறாங்களாம், போர்ட் கிள்ளான் பக்கம். ரிப்போர்ட்ட உங்க கையிலதான் கொடுப்பாங்களாம். அந்த மேஜர் போன் பண்ணிச் சொன்னாரு. நீங்க லீவுல இருந்தா வர்ற வரைக்கும் காத்திருப்பாங்களாம்."

"வந்துடுறேன் துவான்" என்றேன்.

இவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டும். இருப்பது ரயில்வேயில் கொடுத்தது, முழங்கையில் ஓட்டை. பாசார் சந்தையில் நாளை பார்க்கலாம். எனக்கும் ஒன்று.